விமானப் பட்டமும் ஒளித்து வைத்த கண்ணாடியும்

நியூசிலாந்தில் நான் குடியிருக்கும் சிற்றூரில், காரைத் தனியாக ஓட்ட உரிமம் இல்லாத பெண் விமானத்தைத் தனியாக ஓட்டுகிறாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எமிலிக்குப் பதினாறு வயது. பக்கத்தில் அம்மா உட்காராமல் அவள் காரை எடுத்தால் போலீஸ் பிடிக்கும். அதனால் அம்மா கூடவே வருகிறாள். விமானத் திடல் வரை வந்து, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து கம்பளி பின்னுகிறாள். மகளோ இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானத்தைத் தனியாகக் கிளப்பிக்கொண்டு மலைப்பக்கம் போய்விட்டுத் திரும்பி வருகிறாள். இதை முதலில் பார்த்த அன்று என்னால் நம்பவே முடியவில்லை. அந்த அம்மாவிடம் போய், "பயமாக இல்லையா?" என்று கேட்டேன். "பயந்தான், இவள் ஹைவேயில் ரொம்ப வேகமாகப் போகிறாள்" என்றாள். எதைக் கேட்டேன், எதற்குப் பதில் சொல்கிறாள் பாருங்கள்.

எமிலி படிக்கும் விமானப் பயிற்சிப் பள்ளியின் முன்மேசையில்தான் எனக்கு வேலை. எந்த மாணவருக்கு எந்த விமானம், எந்த ஆசிரியர், எத்தனை மணிக்கு என்று பலகையில் எழுதுவேன். சொந்த ஊர் தருமபுரி மாவட்டம், அரூருக்குப் பக்கம். படித்தது பி.காம். கணவருக்கு இங்கே பால் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, அவர் பின்னால் வந்தவள் நான். விமானத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்ததுதான். ஆனால் ஊரில் இருப்பவர்களுக்கு அது புரிவதில்லை. ஏர்போர்ட்டில் வேலை என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், பிள்ளையைப் பைலட்டுக்குப் படிக்க வைக்கலாமா, ஏவியேஷன் டிகிரி நல்லதா என்று போன் மேல் போன். கேட்கிற எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். பொதுவாகச் சொன்னால் யாருக்கும் உறைக்காது. அதனால் என் சொந்தத் தம்பி வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். தர்ஷினியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

தர்ஷினி என் தம்பி மாதேசனின் ஒரே மகள். மாதேசனுக்குக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்ட காடு கொஞ்சம் உண்டு, ஒரு பிக்அப் வண்டியும் ஓட்டுகிறான். ஒரு முறை என்னை வழியனுப்பப் பெங்களூர் விமான நிலையத்துக்குக் குடும்பத்தோடு வந்தபோது தர்ஷினி ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். தோளில் நான்கு கோடு போட்ட விமானிச் சட்டையில் ஒரு பெண் பெட்டியை இழுத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள். தர்ஷினி என் கையை விட்டுவிட்டு அந்தப் பெண்ணின் பின்னாலேயே நடந்து போய்விட்டாள். செல்வி, என் தம்பி பெண்டாட்டி, ஓடிப்போய்ப் பிடித்து வந்தாள். அன்றைக்குப் பிடித்த ஆசை பன்னிரண்டாவது முடிக்கும் வரை விடவில்லை.

இந்த ஆண்டு தேர்வு முடிவு வந்த வாரம் மாதேசன் பேசினான். குரலிலேயே கல்யாணக் களை. "அக்கா, பாப்பாவ பைலட்டுக்குச் சேத்தாச்சி. பெங்களூர் பக்கம் காலேஜ். பி.எஸ்சி. ஏவியேஷன், மூணு வருசம். தருமபுரியில ஒரு ஓட்டல் மண்டபத்துல மீட்டிங் வெச்சிருந்தாங்க. டை கட்டிக்கிட்டு ஒருத்தர் வந்து எல்லாத்தையும் வெளக்கமா சொன்னாரு. அட்வான்ஸ் குடுத்துட்டன்." மாமன் மகன் வீட்டுக் காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ் வைத்தபோது அதிலும் பாப்பா படத்தைப் போட்டுவிட்டதாகச் சொன்னான். படத்தை அனுப்பினான். காது குத்துகிற குழந்தை ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு இருக்கிறது. நடுவில் தர்ஷினி, யாரோ ஒருவருடைய உடம்பில் அவள் தலையை ஒட்டி, தொப்பி வைத்து நிற்கிறாள். 'வருங்கால விமானியே' என்று எழுதியிருந்தது. எங்கள் பக்கத்தில் ஃப்ளெக்ஸில் ஏறிவிட்ட சொல்லை இறக்குவது லேசில்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஏதோ ஒன்று சரியில்லை என்றும் தோன்றிக்கொண்டே இருந்தது.

மறுநாள் எங்கள் தலைமைப் பயிற்சியாளர் கிரேக்கிடம் படத்தைக் காட்டினேன். என் தம்பி மகள், விமானி ஆவதற்காக மூன்று வருட டிகிரியில் சேரப் போகிறாள் என்றேன். கிரேக் படத்தைப் பார்த்துவிட்டு, "டிகிரி அவளுக்கு எதற்கு?" என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒரு பெண்ணைப் பற்றி 'படிப்பு அவளுக்கு எதற்கு' என்று எவனாவது சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த வார்த்தையோடு போராடித்தான் நான் பி.காம். முடித்தேன். "ஏன், உங்கள் ஊர்ப் பெண்கள் மட்டும்தான் படிக்க வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டேன். அந்த மனிதர் பாவம், எதை மிதித்தோம் என்று தெரியாமல் நின்றார். மதியம் ஒரு கோப்பைத் தேநீரோடு வந்து, "நான் உண்மையாகவே கேட்டேன். அவளுக்கு வேண்டியது லைசென்ஸ். டிகிரியை எதற்காகச் சேர்க்கிறாள் என்று தெரிந்தால்தானே நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும்?" என்றார். அதற்குப் பிறகு, முதல் நாள் எல்லா மாணவரிடமும் கேட்கிற கேள்வியை என்னிடமும் கேட்டார். "மெடிக்கல் எடுத்துவிட்டாளா?"

விமானிக்கான உடல்தகுதிப் பரிசோதனை முடிந்ததா என்கிற அந்தக் கேள்வியை நானும் ஆண்டுக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பவள்தான். புதிதாக வருகிறவரிடம் பெயருக்கு அடுத்து நான் கேட்பதே அதுதான். சொந்தத் தம்பி போன் செய்தபோது மட்டும் அது வாயில் வரவில்லை. பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

அன்றைக்கு உட்கார்ந்து இந்திய விதிகளைப் படித்தேன். படிக்கப் படிக்கக் கோபம் வந்தது. வணிக விமானி உரிமத்துக்கு டிகிரியே கேட்கவில்லை. பன்னிரண்டாவதில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். மருத்துவத் தகுதி வேண்டும். அரசு நடத்தும் பாடத் தேர்வுகளில் தேற வேண்டும். இருநூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும். மாதேசன் சேர்த்த படிப்பில் இந்தப் பறத்தல் எங்கே என்று கல்லூரியின் விவரப் புத்தகத்தில் தேடினேன். விமானப் படம் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. பறக்கும் பயிற்சி தனி, அதற்குப் பணமும் தனி என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. எங்கள் பள்ளியிலேயே இப்படிப்பட்ட பட்டத்தை முடித்துவிட்டு வந்த நாமக்கல்காரர் ஒருவர் இருக்கிறார். எமிலியோடு அதே முதல் பாடத்தில்தான் அவரும் உட்கார்ந்தார். "மூணு வருஷம் கரும்பலகையிலதாங்க பறந்தேன்" என்பார்.

ஆனால் இது ஒரு பக்கம்தான். எனக்கு அடுத்த மேசையில் இருக்கும் ஹேமி இந்த நாட்டின் பூர்வகுடியான மாவோரி இனத்தவர். பாதிப் பயிற்சியில் ஒரு நாள் கடையில் நின்றுகொண்டிருந்தவர் வலிப்பு வந்து விழுந்தார். அதோடு மெடிக்கல் போயிற்று, பறப்பதும் போயிற்று. அவரைத் தாங்கியது அவர் வைத்திருந்த ஏவியேஷன் டிகிரிதான். அதை வைத்து இங்கே விமான இயக்கப் பிரிவில் வேலைக்கு வந்தார். டிகிரியைத் திட்டிக்கொண்டிருந்த என்னிடம், "மேலே போக அது உதவாது. கீழே விழுந்தால் அடியில் விரித்திருக்கும். உன் தம்பி மகளுக்கு அடியில் எதை விரிப்பது என்று யோசி" என்றார். பட்டம் வீண் என்று சொல்ல வரவில்லை. விமான நிறுவன நிர்வாகம், விமான நிலைய வேலை என்று போகிறவர்களுக்கு அது ஆகும். விமானியாக வேண்டும் என்கிற பிள்ளைக்கு அது உரிமம் ஆகாது. அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொண்டு சேர்ந்தால் குற்றமில்லை. தெரியாமல் சேர்வதுதான் ஆழம் பார்க்காமல் காலை விடுவது.

தம்பிக்குப் போன் செய்தேன். முதலில் மெடிக்கல், அப்புறம் மற்றதெல்லாம் என்றேன்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்க்கா. காலேஜுல மெடிக்கல் கேக்கறதில்லன்னு அவரே சொன்னாரு."

"அதாண்டா பயமா இருக்குது. மூணு வருசம் படிச்சி, அப்புறம் மெடிக்கல்ல ஆவாதுன்னுட்டா?"

"நீ ஏங்க்கா இப்பவே அபசகுனமா பேசற?"

போனை வாங்கிச் செல்விதான் உடைத்துச் சொன்னாள். "அண்ணி, புள்ளைக்குக் கண்ணாடி இருக்குதுங்க. ஒம்பதாவதுலருந்தே. வூட்ல மட்டுந்தான் போடுவா. வெளியில போட வுடறதில்ல. கண்ணாடி போட்டா பைலட் ஆவ முடியாதாமில்ல? டிகிரின்னா கண்ணப் பாக்க மாட்டாங்கன்னு அந்தாளு சொன்னாரு. அதனாலதாங்க அதுல சேத்தோம். மெடிக்கல் போயி, கண்ணு கொறைன்னு கவர்மெண்டு சீல் குத்திக் குடுத்துட்டா, நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. இவர்கள் அந்தப் பட்டத்தைத் தேர்ந்தெடுத்தது அதில் என்ன இருக்கிறது என்பதற்காக இல்லை. அதில் கண் பரிசோதனை இல்லை என்பதற்காக. கண்ணாடியை ஒளித்து வைக்க வாகான இடம் என்று மூன்று வருடப் படிப்பைப் பிடித்திருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

சிரிக்க எனக்கும் யோக்கியதை இல்லை. எனக்கும் பள்ளியிலிருந்தே கண்ணாடிதான். பெண் பார்க்க வந்த அன்று அதைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர் எனக்கு வெள்ளைச் சட்டையாகத் தெரிந்தார், அவ்வளவுதான். மாப்பிள்ளை எப்படி என்று கேட்டதற்குச் சட்டையைப் பார்த்துத்தான் சரி என்றேன். என் கணவருடைய முகத்தை நான் நன்றாகப் பார்த்தது தாலி கட்டிய மறுநாள். நல்ல முகமாக இருந்தது, பிழைத்தேன். அவரிடம் அதைச் சொன்னபோது அவர் சட்டைப் பையிலிருந்து தம்முடைய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவர் வீட்டிலும் ஒளித்துத்தான் அனுப்பியிருந்தார்கள்.

கண்ணாடி போட்டும் விமானம் ஓட்டலாம், கண்ணாடியோடு சரியாகத் தெரிந்தால் போதும், எங்கள் ஆசிரியர்களில் பாதிப் பேருக்கு மூக்கில் கண்ணாடிதான் என்று தம்பியிடம் தலைகீழாக நின்று சொன்னேன். "அது வெள்ளக்காரன் ஊர்லக்கா" என்றான். இந்தியாவிலும் அப்படித்தான் என்று விதியை அனுப்பினேன். ஒரு வாரம் மல்லுக்கட்டு. இதற்கிடையில் இரண்டு கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. பெங்களூர்க் கல்லூரிக்கு மீதிப் பணம் கட்ட வேண்டிய நாள் ஒன்று. தர்ஷினி ஒப்புக்கு விண்ணப்பம் போட்டிருந்த தருமபுரி அரசுக் கல்லூரியில் இயற்பியலுக்கு அவள் பெயர் வந்திருந்தது, போய்ச் சேர வேண்டிய நாள் இன்னொன்று. இரண்டும் ஒரே வாரத்தில். ஒன்றைப் பிடித்தால் மற்றது போய்விடும். கடைசியில் தர்ஷினியே அப்பனிடம், மெடிக்கல் எடுக்காமல் எந்தக் காலேஜுக்கும் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பெங்களூரில் விமானத் துறை அனுமதி பெற்ற மருத்துவர் ஒருவரிடம் நாள் வாங்கினோம்.

அந்த நாளும் வந்தது. அவர்கள் காலையில் தருமபுரியில் ரயில் ஏறியபோது எனக்கு மதியம். பலகையில் பெயர்களை மாற்றி எழுதிக்கொண்டே போன் செய்தேன். கண்ணாடியை எடுத்துக்கொண்டாயா என்று தர்ஷினியைக் கேட்டேன். பதில் வரவில்லை. மாதேசன் போனை வாங்கினான்.

"வூட்ல வெச்சுட்டு வரச் சொல்லிட்டன்க்கா. அந்த எழுத்துப் பலகைய நெட்டுல எடுத்து மனப்பாடம் பண்ணிட்டா. கடைசி வரி வரைக்கும் கண்ண மூடிக்கிட்டுச் சொல்றா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைக் கேள்விப்பட்டிருக்கிறேன். கண் பரிசோதனையில் கண்ணை மறைக்கிறவனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மாதேசு, அவங்க வேற பலகை வெச்சிருப்பாங்கடா. ஏமாத்தறான்னு எழுதிட்டா அவ்ளோதான், ஜென்மத்துக்கும் ஆவாது."

"கண்ணாடியோட போனா வாசல்லயே அனுப்பிருவாங்க."

"இங்க தெனமும் நான் பாக்கறன்டா. என்னய நம்ப மாட்டியா?"

"நீ அங்க இருக்கற. நாளைக்கு ஊருக்குள்ள பதில் சொல்றவன் நானு."

தொலைவில் இருப்பவள் சொல்கிற புத்திக்கு விலை கம்மிதான். ஓசூர் தாண்டியதும் சிக்னல் போய்விட்டது. நான் எழுதிய பலகையைப் பார்த்து ஹேமி, ஒரே விமானத்தை இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார். அழித்துவிட்டு மறுபடியும் தப்பாக எழுதினேன். அவர் மார்க்கரை என் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார். அந்தப் பிள்ளை ஒரு மருத்துவர் முன்னால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, இல்லாத எழுத்துகளை ஒப்பித்துக்கொண்டிருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னதைச் செய்கிற பிள்ளை அது. அன்று அந்த நல்ல குணத்தை நினைத்துத்தான் பயந்தேன்.

இங்கே இரவு பத்து மணி ஆனபோது தர்ஷினியே கூப்பிட்டாள்.

"அத்தை, கண்ணாடிய டிபன் பாக்ஸ் அடியில வெச்சி எடுத்தாந்துட்டன். இட்லிக்குக் கீழ. அப்பாவுக்குத் தெரியாது. டாக்டர் ரூமுக்குள்ள போனதும் போட்டுக்கிட்டன்."

"டாக்டர் என்னம்மா சொன்னாரு?"

"கண்ணாடியப் பத்தி ஒண்ணுமே சொல்லலங்க அத்தை. நல்லா தொடச்சிப் போட்டுக்கோம்மா, சாம்பார் இருக்குதுன்னாரு. கண்ணு, காது, கலர் பாக்கறது எல்லாம் சரி."

நான் மூச்சு விட்டேன். ஆனால் அவள் குரல் தேறவில்லை. "ரத்தம் கம்மியாம். அதனால இப்போதைக்கு அன்ஃபிட்டுன்னு எழுதிட்டாரு" என்றாள்.

கண்ணை ஒளித்து வைத்தோம், ரத்தத்தை யாரும் நினைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு ரத்தம் கம்மி என்பது ஒரு செய்தியே இல்லை. பள்ளியில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையை வயிற்றைப் புரட்டுகிறது என்று எல்லாப் பிள்ளைகளும் போல இவளும் தூக்கிப் போட்டிருக்கிறாள். சில மாதம் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வந்தால் மறுபடி பார்க்கலாம் என்றுதான் மருத்துவர் சொன்னாராம். ஆனால் மாதேசன் காதில் அன்ஃபிட் என்ற ஒரு சொல்தான் விழுந்தது. போனை வாங்கி, "போதும்க்கா. நீ கேட்ட மெடிக்கல் எடுத்தாச்சி. இப்ப சந்தோசமா?" என்றான். என் தம்பி என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ரயிலில் திரும்பி வந்து தருமபுரி ஸ்டேஷனில் இறங்கியதும் தர்ஷினி கண்ணாடியை எடுத்து, எல்லோரும் பார்க்கப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்திருக்கிறாள். அரூர் பஸ்ஸில் சொந்தக்காரர் ஒருவர், "என்ன மாதேசு, பாப்பாவுக்குக் கண்ணாடி?" என்று கேட்டாராம். மாதேசன், "பைலட்டுக்குப் படிக்கறவ, கண்ணு சுத்தமா தெரியணுமில்லீங்க" என்றானாம். இதை என்னிடம் சொன்னவள் செல்வி. அவன் என்னிடம் சொல்ல மாட்டான்.

அவள் இயற்பியலில் சேர்ந்தாள். கட்டிய அட்வான்ஸ் வராது என்று பெங்களூர்க் கல்லூரியில் சொல்லிவிட்டார்கள், போகட்டும். டிகிரி என்ற விரிப்பு அடியில் இருக்கட்டும், பாடத் தேர்வுகளைக் கூடவே தானே படித்து எழுதலாம், ரத்தம் ஏறியதும் மறுபடி மெடிக்கல், தேவையில்லாத எதையும் சேர்க்க வேண்டாம் என்று நானும் ஹேமியும் சொன்னதைக் கேட்டு அவளே வகுத்துக்கொண்டாள். பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் மாத்திரையுமாக மாதங்கள் போயின. சென்ற மாதம் மறுபடியும் பெங்களூர் போனார்கள். இந்த முறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டே ரயில் ஏறினாள். ஃபிட் என்று வந்தது.

அன்றைக்கே நான் கடைக்குப் போய் ஒரு கம்பளிப் போர்வை வாங்கினேன். எங்கள் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது, குளிர்காலத்தில் விறைத்துப்போகும். பட்டம் முடித்துவிட்டு இங்கே பறக்கப் படிக்க வருவாள், அவள் பெயரை என் கையால் பலகையில் எழுதுவேன் என்று அவள் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்காக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கிரேக்கிடம்கூடப் பேசிவிட்டேன். போர்வையை விரித்து, படம் எடுத்து அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன்.

"அழகா இருக்குதுங்க அத்தை" என்றாள். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஆனா நான் இங்கயே ஓட்டக் கத்துக்கறன். அங்க வாங்கற லைசென்ஸ இங்க மாத்தறதுக்கு மறுபடியும் வேலை. எனக்கு இங்கதான ஓட்டணும். தேவையில்லாதத எதுக்கு சேக்கறதுன்னு நீங்கதான அத்தை சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். அவள் சொல்வது சரி. வரி வரியாக நான் சொல்லிக் கொடுத்ததுதான். சரிம்மா என்றேன், நல்ல முடிவு என்றேன், மாத்திரையை நிறுத்தாதே என்றேன். போனை வைத்துவிட்டு அந்தக் கட்டிலில் உட்கார்ந்தேன். வானத்தில் வேலை பார்க்கப் போகிறவளுக்கு அவள் ஊர் போதுமாக இருக்கிறது. மேசையில் உட்கார்ந்து பெயர் எழுதுகிற எனக்குத்தான் இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது. கணவர் எட்டிப் பார்த்து, போர்வையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். அன்றிரவு அதைப் போர்த்திக்கொண்டு அந்த அறையிலேயே படுத்துக்கொண்டேன்.